கோடை முகாமுக்கு இஎம்ஐ போடலாமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறோம். பிடித்தம் போக மாதச் சம்பளம் 62,000 ரூபாய். மகளுக்கு 11 வயது. மகனுக்கு 8 வயது; ஆட்டிசம், 60 சதவீத ஊனச் சான்றிதழ் இருக்கிறது. மே மாதம் 4 வாரக் கோடை முகாமுக்கு மகளுக்கு 6,500, மகனுக்கு 14,000, அவன் கூடவே இருக்கும் உதவி ஆசிரியைக்கு 12,000 கேட்கிறார்கள். மாதாமாதம் கட்டும் தெரபி 7,500-ஐயும் சேர்த்தால் 40,000 ஆகிறது. கிரெடிட் கார்டில் 16% வட்டிக்கு 12 மாத இஎம்ஐ கிடைக்கும். மகன் செலவை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். மாதம் 6,000 மிச்சமாகும், எஃப்.டி.யில் 90,000 இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கணக்கைப் பிரித்துவிடுவோம். தெரபி 7,500 ஏற்கெனவே உங்கள் மாதச் செலவில் இருக்கிறது. அதையும் முகாமோடு கூட்டியதால்தான் 40,000 என்று மலைப்பாகத் தெரிகிறது. கோடைக்கென்று கூடுதலாக வருவது 32,500 மட்டுமே. ஆனால் முகாமுக்குப் பணம் வேண்டும் என்று தெரபியை ஒரு மாதம் நிறுத்திவிடாதீர்கள். பள்ளியும் இல்லாமல் தெரபியும் இல்லாமல் போனால், பழகிய ஒழுங்கு குலைந்து ஜூனில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இஎம்ஐ வேண்டாம். 40,000-க்கு மாதத் தவணை சுமார் 3,630. 12 மாதத்துக்கும் சேர்த்து வட்டி மட்டும் 3,550 ஆகும். அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, அதற்கு மேல் பிராசசிங் கட்டணம் என்று பார்த்தால் நாலாயிரத்தைத் தாண்டும். அடுத்த கோடை வரும்போதும் இந்தக் கோடைக்கே கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நண்பர் சொன்னது, ஊனமுள்ளவரைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கான வருமான வரிக் கழிவு; 80டிடி என்பார்கள். ஊனம் 40 சதவீதம் முதல் என்றால் 75,000, 80 சதவீதம் முதல் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. செலவு எவ்வளவு என்றாலும் இந்தத் தொகை மாறாது. முகாம் ரசீதால் ஒரு ரூபாய்கூட அதிகரிக்காது. தவிர, இது பழைய வரி முறையில் மட்டுமே கிடைக்கும். 2025 பட்ஜெட்டுக்குப் பின் புதிய முறையில், சம்பளக்காரருக்கு ஆண்டு வருமானம் 12.75 லட்சம் வரை வரியே இல்லை. உங்கள் சம்பளம் அதற்குள்தான் இருக்கிறது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது? மகளுக்கு 80சி கழிவு கேட்கலாமே என்பார்கள். அது முழுநேரப் படிப்பின் டியூஷன் கட்டணத்துக்குத்தான், முகாமுக்கு இல்லை.

உங்களுக்கு நிஜமாக உதவக்கூடியது மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கவரேஜ். மருத்துவப் பரிசோதனை கிடையாது, வயது வரம்பும் கிடையாது. வறுமைக்கோட்டுக்கு மேல் உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 500 ரூபாய். தொடர் தெரபிச் செலவுக்கும் ஒரு உள்வரம்பு வரை பணம் திரும்பக் கிடைக்கும். இதில் பலர் சறுக்குவது ரசீதில். 'பயிற்சிக் கட்டணம், மே' என்று ஒரே வரியில் எழுதி வாங்கிய ரசீது கிளெய்முக்கு உதவாது. குழந்தையின் பெயர், எந்தத் தெரபி, அமர்வு நடந்த தேதிகள், தெரபிஸ்ட்டின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கட்டும். கூடவே மருத்துவரின் பரிந்துரைச் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடைக்குள் பணம் வந்துவிடும் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். வந்தால் எஃப்.டி.க்குப் போகட்டும்.

இனி முகாம். மகனுக்கு 4 வாரத்தையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். முதல் வாரம் மட்டும் 3,500, ஆசிரியைக்கு 3,000 என்று பேசுங்கள். பெரும்பாலும் பணம் வீணாவது இங்கேதான். ஒரே அறையில் நாற்பது பிள்ளைகள், ஸ்பீக்கரில் பாட்டு. மூன்றாம் நாள் காதைப் பொத்திக்கொண்டு அழும் பையனை நான்காம் நாள் அனுப்ப மனம் வராது. கட்டிய பணமும் திரும்பாது. சேர்ப்பதற்கு முன் முகாம் நடக்கும் நேரத்திலேயே அவனை அரை மணி நேரம் அங்கே கூட்டிப்போய்ப் பாருங்கள். சத்தம் தாங்காவிட்டால் ஒதுங்க அமைதியான அறை உண்டா, வாசல் கதவு பூட்டியிருக்குமா, கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவார்கள், ஆசிரியை வராத நாளில் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்பதெல்லாம் பதிலே இல்லை.

முதல் வாரம் ஒத்துவந்தால் இரண்டாவது வாரமும் கட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அவனுக்கு மொத்தம் 13,000. மகளின் 6,500-ஐ வெட்டாதீர்கள். தம்பிக்காக ஒவ்வொரு முறையும் அவளே விட்டுக்கொடுப்பது நியாயமில்லை. ஆக 19,500. ஏப்ரல், மே மிச்சம் 12,000 போக எஃப்.டி.யிலிருந்து 7,500 எடுத்தால் போதும். பகுதியாக எடுக்க வங்கி விடாவிட்டால் எஃப்.டி. மேல் ஓவர்டிராஃப்ட், அதாவது அதையே ஈடாக வைத்துக் கடன், கேளுங்கள். அதன் வட்டி பொதுவாக எஃப்.டி. வட்டியைவிட 1 முதல் 2 சதவீதம்தான் கூடுதலாக இருக்கும்.

மகனுக்கு மீதி இரண்டு வாரம் வீட்டிலேயே ஓட்டலாம். எழுவது, சாப்பாடு, விளையாட்டு, கதை, குளியல், தூக்கம் என ஆறு படங்களை அட்டையில் வெல்க்ரோ வைத்து ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே கழற்றிப் பெட்டியில் போடட்டும். தமிழ்க் கதைகள் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசம். 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. கூட்டமில்லாத காலை வேளையில் போங்கள்.

ஜூனில் மாதம் 2,000-க்கு ஒரு ஆர்.டி. தொடங்கினால் மார்ச்சில் 20,000-மும் வட்டியும் கையில் இருக்கும். நிராமயா கவரேஜ் ஏப்ரல் முதல் மார்ச் வரைதான், அதனால் புதுப்பிக்கும் வேலையையும் அதே மார்ச்சில் முடித்துவிடுங்கள்.