சிறுத்தை தென்படவில்லை – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். உயிரியல் பூங்கா ஒன்றில், விலங்குகளின் நடத்தையையும் நலனையும் கவனிக்கும் பிரிவில் தன்னார்வலராகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. குட்டிகளுக்குப் பால் புகட்டலாம், விலங்குகளோடு பழகலாம் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் வாரம் ஒருநாள் சிறுத்தைக் கூண்டுக்கு எதிரே பெஞ்சில் உட்காரவைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை அது என்ன செய்கிறது என்று தாளில் குறிக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் 'ஓய்வு', இல்லையென்றால் 'தென்படவில்லை'. பக்கம் பக்கமாக இதையேதான் எழுதுகிறேன். இதனால் அந்தச் சிறுத்தைக்கு என்ன பயன்? போதாக்குறைக்கு, "விலங்குகளை அடைத்துவைப்பவர்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறாய்" என்று தோழிகள் சொல்கிறார்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

தொடருங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

அந்தச் சிறுத்தையின் பராமரிப்பாளருக்குக் காலையிலிருந்து ஓயாத வேலை. கூண்டு கழுவ வேண்டும், இறைச்சி எடைபோட வேண்டும், மருந்து கலக்க வேண்டும், அடுத்த கூண்டுக்கு ஓட வேண்டும். அவர் வந்தாலே சிறுத்தையின் போக்கு மாறிவிடும், ஏனென்றால் அதற்குச் சாப்பாடு கொண்டுவருபவர் அவர்தான். யாரும் வராதபோது அது எப்படி இருக்கிறது என்று பார்க்க அவருக்கு வழியில்லை. அந்தப் பூங்காவில், சும்மா உட்கார்ந்து பார்ப்பதை மட்டுமே வேலையாகக் கொண்டவர் நீங்கள்தான்.

நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கும் முறைக்கும் ஒரு பின்னணி உண்டு. பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். விலங்குகளைக் கவனிப்பவர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் எழுதிக்கொண்டே போனால், சண்டையும் இணைசேர்தலும் கூச்சலும்தான் நோட்டில் ஏறும். தூங்கியதையும் சும்மா இருந்ததையும் யாரும் எழுதமாட்டார்கள். அப்புறம் நோட்டைப் படிப்பவருக்கு அந்த விலங்கு நாள் முழுக்கச் சண்டை போடுவதுபோலத் தோன்றும். அதைச் சரிசெய்யத்தான் எந்த விலங்கை, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று முன்பே முடிவுசெய்துகொண்டு குறிக்கும் முறைகளை அவர் ஒழுங்குபடுத்தினார். அந்தக் கணக்கில் நீங்கள் எழுதும் 'ஓய்வு' ஒவ்வொன்றுக்கும் சண்டைக்கு இருக்கும் அதே எடை உண்டு.

'தென்படவில்லை' என்ற கட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சலிப்பு அங்கேதான் இருக்கிறது. டிக்கெட் வாங்கி வந்தவருக்கு சிறுத்தை கண்ணில் படாதது ஏமாற்றம். சிறுத்தைக்கோ, ஒளிந்துகொள்ள இடம் இருப்பது பெரிய விஷயம். கூண்டில் வாழும் விலங்குக்கு இடத்தின் பரப்பளவைவிட அதன் தரம் முக்கியம், விலகிப் போக ஒரு மறைவு வேண்டும் என்று சுவிட்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர் 1940-களிலேயே எழுதினார். அவர் பெர்ன், பாசெல், சூரிச் பூங்காக்களை நடத்தியவர். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வட அமெரிக்கப் பூங்காக்களிலுள்ள மேகச்சிறுத்தைகளின் (மரமேறும் வேறொரு பூனையினம்) சாணத்தில் மன அழுத்த ஹார்மோன்களை அளந்தார்கள். உயரமான கூண்டில் இருந்தவற்றுக்கு அது குறைவாக இருந்தது. மேலே ஏறி உட்கார முடிவதும் ஒருவகை மறைவுதானே. ஆகவே கூட்டம் நெரியும் நாளில் 'தென்படவில்லை' அதிகமாகவும் அமைதியான நாளில் குறைவாகவும் இருந்தால், அது வெற்றுக் கட்டம் இல்லை. அந்த மறைவிடத்தை யாரும் இடித்துவிடாமல் காப்பாற்றப்போகும் ஆதாரம் அது.

இனி அது வெளியே வந்து நடக்கும்போது என்ன பார்ப்பது என்று சொல்கிறேன். சில சிறுத்தைகள் வேலியோரமாகவே போய்த் திரும்பும். கூர்ந்து பாருங்கள்: ஒவ்வொரு முறையும் அதே கம்பத்தருகே, அதே பக்கமாக, தலையை அதேபோல் தூக்கித் திரும்புகிறதா? முன்னங்கால் அதே இடத்தில் விழுகிறதா? தரையில் புல் தேய்ந்து ஒற்றையடித் தடம் விழுந்திருக்கிறதா? ஆம் என்றால் அது உலாவல் இல்லை, உள்ளே எதையோ இழந்த நடை. ஆனால் அதற்கு மேல் முடிவு கட்டிவிடாதீர்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் மட்டும் நடந்தால் காரணம் ஒன்று, பள்ளிப் பிள்ளைகள் வரும் நாளில் மட்டும் என்றால் வேறு, நாள் முழுக்க என்றால் இன்னொன்று. பழைய மோசமான கூண்டில் ஏற்பட்ட பழக்கம் நல்ல இடத்துக்கு வந்த பிறகும் விடாமல் தொடர்வதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது என்று உங்கள் தாள்தான் சொல்லும். தாள் இல்லாத இடத்தில் ஒரு பந்தைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு நலன் பார்த்தாயிற்று என்பார்கள்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் பூங்காவில் கஸ் என்ற பனிக்கரடி 1990-களில் குளத்தில் எட்டு (8) வடிவத்தில் திரும்பத் திரும்ப மணிக்கணக்கில் நீந்தியது. நடத்தை நிபுணரை அழைத்து வந்தார்கள். உணவைத் தட்டில் வைக்காமல் பனிக்கட்டிக்குள் உறையவைத்தும் ஒளித்துவைத்தும் கொடுத்தார்கள். நீச்சல் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. உணவைத் தேடவைத்ததும் நீச்சல் குறைந்ததில் வியப்பில்லை. கிண்ணத்தில் இலவசமாக உணவு இருக்கும்போதே எலிகள் நெம்புகோலை அழுத்தி உழைத்து உண்பதை 1963-இலேயே ஜென்சன் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். தேடிச் சாப்பிடுவது விலங்குக்குத் தேவை. அதைப் பறித்துக்கொண்டு வயிற்றை மட்டும் நிரப்பினால் போதாது.

எழுதும் விதத்தில் ஒன்று கவனியுங்கள். 'சோகமாக இருக்கிறது' என்று குறிப்பில் எழுதாதீர்கள். முன்னங்கால்மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறது, கண் திறந்திருக்கிறது, சத்தம் வந்த பக்கம் காது திரும்புகிறது என்று எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் அவரும் அதையேதான் எழுத வேண்டும். அப்போதுதான் உங்கள் தாளை யாராவது நம்புவார்கள். விலங்கின் துயரம் உங்களுக்கு வலிக்கிறது என்றால், அதை நிரூபிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

குட்டிக்குப் பால் புகட்டும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் மனிதக் கையில் வளரும் குட்டிக்குத் தன் இனத்தோடு சேர்ந்து வாழத் தெரியாமல் போகலாம். தாய் இருக்கும்போதே குட்டியைப் பிரித்து ஆட்களின் கையில் கொடுக்கும் இடமாக இருந்தால், அன்றே வெளியே வந்துவிடுங்கள். நெருங்கிப் பழகினால் நோய் தொற்றும் ஆபத்தும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்ஸ் பூங்காவில் ஒரு புலிக்குக் கொரோனா உறுதியானது, மனிதரிடமிருந்துதான் தொற்றியிருக்கும் என்றார்கள். 2021 ஜனவரியில் சான் டியாகோ சஃபாரி பூங்காவில் கொரில்லாக்களுக்கும் வந்தது. சளி பிடித்திருக்கும் நாளில் வீட்டிலேயே இருங்கள். அதுவும் தன்னார்வலரின் கடமைதான்.

தோழிகள் கேட்டது நியாயமான கேள்வி. அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். எல்லா விலங்குகளையும் பூங்காவில் வைக்கலாம் என்று நானும் நினைக்கவில்லை. 2003-இல் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் பல பூங்காக்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். காட்டில் எவ்வளவு பரந்த எல்லையில் திரியும் ஊனுண்ணியோ, கூண்டில் அந்த அளவுக்கு அது அதிகமாக நடைபோடுகிறது, குட்டிகளும் அதிகமாக இறக்கின்றன என்று தெரிந்தது. அப்படிப்பட்ட விலங்குகளை வைத்திருக்கும் முறையை அடியோடு மாற்றுங்கள், இல்லையென்றால் வைப்பதையே படிப்படியாக நிறுத்துங்கள் என்று எழுதினார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் பூங்கா, குளிரில் யானைகள் படும் பாட்டைப் பார்த்து, விங்கி, வாண்டா என்ற தன் இரண்டு யானைகளையும் 2005-இல் கலிபோர்னியாவிலுள்ள புகலிடத்துக்கு அனுப்பிவிட்டது. இந்த முடிவுகளெல்லாம் யாரோ பொறுமையாகப் பார்த்ததால் வந்தவை. தோழிகளின் வாதத்துக்கும் வலு சேர்ப்பது உங்களைப் போன்றவர்கள் எடுக்கும் குறிப்புகள்தான். அந்த வாதம் முடியும்வரை, இன்று அந்தக் கூண்டில் இருக்கும் சிறுத்தைக்கு நாளைக் காலை எப்படி விடியும் என்பதும் யாராவது பார்க்க வேண்டிய விஷயம்தானே.

விட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்பதற்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்று இருக்க முடியும்: உங்கள் தாள்களை யாரும் படிக்காமல் இருப்பது. அடுத்த வாரம் போகும்போது பிரிவுப் பொறுப்பாளரிடம், இதுவரை சேர்ந்த குறிப்புகளின் தொகுப்பைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்து என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில்தான் உட்காருகிறீர்கள் என்றால், பூங்கா திறக்கும் முன்பும் மூடிய பிறகும் ஒருமுறை உட்கார அனுமதி வாங்குங்கள், படம் முழுதாகும். தாள்கள் அலமாரியில் தூங்குகின்றன என்று தெரிந்தால், தொகுத்துத் தரும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா