விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. சில மாதங்களுக்கு முன் தோட்டத்துப் படியில் கால் தடுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, முட்டியில் சிராய்ப்பும் சில நாள் இடுப்பு வலியும்தான். ஆனால் அன்றிலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போவதில்லை. பிறகு மாலை நடை நின்றது. வாரந்தோறும் நூலகம் போவார், அதுவும் நின்றுவிட்டது. "இந்த வயதில் இது போதும்" என்கிறார். பகலில் தனியாக இருப்பவர் என்பதால், வீட்டோடு இருப்பதே நல்லது என்று எங்களுக்கும் தோன்றுகிறது. எதை விடலாம், எதை விடக் கூடாது?

பதில்: உங்கள் அம்மாவின் பயம் வீண் பயம் அல்ல. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆகவே "ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. பட்டவருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்கு அவர் தேடிக்கொண்ட மருந்து தவறு. வீட்டோடு இருப்பதே நல்லது என்ற உங்கள் எண்ணமும் தவறு என்று உறுதியாகச் சொல்வேன். செயலை விடக் கூடாது. அந்தச் செயலுக்குள் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி, அந்த இடத்தை மட்டும் விட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

நடமாட்டம் குறையும்போது முதலில் கரைவது கால் தசை. ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்கள் பத்து நாள் படுக்கையிலேயே இருந்தபோது கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசையை இழந்தார்கள். உங்கள் அம்மா படுக்கையில் இல்லைதான். ஆனால் நாற்காலியில் கழியும் மாதங்களும் அதே திசையில்தான் இழுத்துச் செல்லும். கால் தளர்ந்தால் தள்ளாட்டம் கூடும், தள்ளாட்டம் கூடினால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னொரு செயல் நிற்கும். முதலில் தோட்டம், பிறகு நடை, பிறகு நூலகம் என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசையே அதைத்தான் காட்டுகிறது.

பயம் நடையையும் மாற்றிவிடுகிறது. அம்மா அறைக்கு அறை போகும்போது கவனித்துப் பாருங்கள். பாதங்கள் வழக்கத்தைவிட அகன்றிருக்கும். அடி குறுகியிருக்கும், குதிகால் தரையை விட்டு அதிகம் எழாது. கழுத்தும் தோளும் விறைத்திருக்கும். ஒரு கை சுவரையோ நாற்காலி முதுகையோ தடவிக்கொண்டே போகும். உடலை இப்படி விறைப்பாக வைத்திருப்பவர் சற்றே இடறினாலும் நெகிழ்ந்து சமாளிக்க முடியாது. கண்ணும் அவசரப்படும்: பயந்து நடப்பவரின் பார்வை, கால் ஒரு படியில் சரியாகப் பதியும் முன்பே அடுத்த படிக்குத் தாவிவிடுகிறது. விழாமல் இருக்கச் செய்யும் எச்சரிக்கையே அவரை விழவைக்கும் நிலை இது. 1982ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரிட்டு எழுதினார்கள். ஒருமுறைகூட விழாதவர்களுக்கும் இந்தப் பயம் வருவதுண்டு.

முதலில், பயமும் உடலின் உண்மையான நிலையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். சிட்னியில் 70 முதல் 90 வயது வரையிலான 500 பேரிடம் நடத்தி, 2010இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரண்டும் பொருந்தவில்லை. சிலருக்கு உடல் உறுதியாக இருந்தும் பயம் அதிகம். சிலருக்கு உடல் தளர்ந்திருந்தும் பயமே இல்லை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைப்பிடியுள்ள நாற்காலியில் அம்மா உட்காரட்டும். எழுந்து, வழக்கமான வேகத்தில் மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது? 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒரு பாதத்தின் குதிகால் மற்றொன்றின் விரல்களைத் தொடும்படி ஒன்றன் முன் ஒன்றாக வைத்து, பிடிமானம் இல்லாமல் 10 நொடி நிற்க முடிகிறதா? இரண்டையும் செய்யும்போது நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இவற்றில் தேறாவிட்டால் இயன்முறை மருத்துவரைப் பார்த்த பிறகே மற்றவை. தேறினால், அந்த முடிவை அம்மாவிடம் எண்ணோடு சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தை செய்யாததை அது செய்யும்.

இனி, மாற்றுவது எப்படி? முதுமையை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் பால் பால்டெஸ், பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனை எடுத்துக்காட்டாகச் சொல்வார். எண்பது வயதிலும் எப்படி மேடையில் சிறப்பாக வாசிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ரூபின்ஸ்டைன் மூன்று காரணம் சொன்னாராம். வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். அந்தச் சிலவற்றை முன்னைவிட அதிகமாகப் பயிற்சி செய்தார். விரைவான பகுதிக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். அதனால் அடுத்து வருவது விரைவாகக் கேட்டது. அவர் பியானோவை விடவில்லை. அம்மாவின் தோட்டத்தையும் இதே கண்ணோடு பாருங்கள்.

தண்ணீர் ஊற்றுவது என்பது ஒரே செயல் அல்ல. கதவைத் திறப்பது, படி இறங்குவது, வாளியை நிரப்புவது, ஒரு கையில் பாரத்தோடு நடப்பது, குனிவது, நிமிர்வது, ஈரத் தரையில் திரும்புவது என்று எத்தனையோ உண்டு. அவர் தோட்டத்தில் விழவில்லை, படியில் விழுந்தார். எனவே படிக்குக் கைப்பிடி வையுங்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் எடுப்பான நிறத்தில் ஒரு பட்டை பூசுங்கள். வயதான கண்ணுக்குப் படி எங்கே முடிகிறது என்பது பல நேரம் தெரிவதில்லை. நிறைந்த வாளிக்குப் பதில் பாதி நிரப்பிய சிறு குவளை. ரப்பர் குழாய் வசதிதான், ஆனால் பாதையின் குறுக்கே கிடக்கும் குழாயே அடுத்த முறை காலைத் தடுக்கும். சுவரில் சுருட்டி மாட்ட இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். தொட்டிகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிட்டால் குனிய வேண்டாம். களை பறிக்க உறுதியான நாற்காலி போடுங்கள். செருப்புக்குப் பதிலாகக் குதிகாலை மூடிய, வழுக்காத காலணி அணியட்டும். இத்தனையும் செய்த பிறகு மிஞ்சியிருப்பது அதே தோட்ட வேலைதான். அவருக்குப் பிடித்த பகுதி எதுவும் குறையவில்லை.

மாலை நடையைக் காலைக்கு மாற்றலாம். மங்கல் வெளிச்சம் இல்லாமல் போகும். முதல் சில நாள் வாசல் வரை, உங்களோடு. பயம் பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். எட்டு என்றால் அதே தூரத்தைத் தொடருங்கள். மூன்றுக்கு இறங்கிய பிறகு அடுத்த திருப்பம் வரை போங்கள். வழியில் உட்கார ஓர் இடம் இருப்பது பெரிய தைரியம். கைத்தடி தேவைப்பட்டால், அதன் பிடி மணிக்கட்டு மடியும் உயரத்தில் இருக்க வேண்டும். வலியோ தளர்ச்சியோ உள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். நூலகத்துக்குக் கூட்டமில்லாத நேரம், முதுகில் மாட்டும் பை, ஆறு புத்தகத்துக்குப் பதில் இரண்டு.

உண்மையிலேயே விட வேண்டியவையும் உண்டு: முக்காலியிலோ நாற்காலியிலோ ஏறி எதையாவது எடுப்பது, பாதம் தெரியாதபடி இரண்டு கையிலும் பொருளைச் சுமந்து படி இறங்குவது, இரவில் விளக்குப் போடாமல் கழிவறைக்குப் போவது, தொலைபேசி மணிக்கு ஓடுவது.

வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மா படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து "பார்த்து, பார்த்து" என்று குரல் கொடுக்காதீர்கள். அந்த நொடியில் அவர் கவனம் காலை விட்டுக் குரலுக்குப் போய்விடுகிறது. அவருடைய கையைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம். உங்கள் கையை நீட்டுங்கள், தேவைப்பட்டால் அவரே பற்றிக்கொள்வார்.

சமநிலைப் பயிற்சியும் கால் வலுவூட்டும் பயிற்சியும் கட்டாயம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பாய்வு, உடற்பயிற்சி விழுதல்களை 23 சதவீதம் குறைக்கிறது என்கிறது. வெறும் நடை போதாது; நிலை தடுமாறாமல் உடலைத் தாங்கப் பழக்கும் பயிற்சிகள் வேண்டும்.

மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போங்கள். படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் தலைசுற்றலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துக் காட்டுங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தூரத்துக்கும் படிப்பதற்கும் இரு பகுதிகள் கொண்ட ஒரே கண்ணாடி (பைஃபோக்கல்) அணிபவர் என்றால், அதன் கீழ்ப்பகுதி வழியே படி மங்கலாகத் தெரிவதையும் சொல்லுங்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். விழுந்தபோது மயக்கம் வந்ததா, நெஞ்சு படபடத்ததா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, பகலில் தனியாக இருப்பவர் என்பதால் இதைப் பழக்குங்கள். விழுந்தால் எழுந்திருக்க முடியாதே என்பதுதான் பலருடைய உண்மையான பயம். நல்ல மெத்தை விரித்து, முதல் முறை இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது: ஒருக்களித்துப் படுப்பது, முழங்கையை ஊன்றி எழும்புவது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து ஓர் உறுதியான நாற்காலிக்குப் போவது, அதன் இருக்கையில் இரு கைகளையும் வைப்பது, வலுவான காலை முன்னால் ஊன்றுவது, உந்தி எழுந்து திரும்பி உட்காருவது. அடிபட்டு வலி இருந்தால் எழ முயலாமல் உதவி கேட்க வேண்டும். அதற்குச் செல்பேசி மேசைமேல் இருந்தால் தரையில் கிடப்பவருக்கு எட்டாது. வீட்டுக்குள் நடக்கும்போதும் அது அவர் உடையின் பையிலோ கழுத்துப் பட்டையிலோ இருக்கட்டும்.