மின்னலைப் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

"பிசிக்ஸ் படிச்சா சோறு கிடைக்குமா சார்?" மேற்படிப்புக்கு யோசனை கேட்டு ஒடுகத்தூரிலிருந்து என்னிடம் வந்த அப்பா, உட்காரும் முன்பே கேட்டார். பக்கத்தில் பிளஸ் டூ முடித்த மகள். கூடவே தாய்மாமன். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறாராம், மேனேஜ்மென்ட் கோட்டாவில். பணத்துக்கு வீட்டுப் பத்திரம் அடமானம்.

அதுவரை ஆறுதலாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அடமானம் என்றதும் நிறுத்திக்கொண்டேன்.

ஏன் பிசிக்ஸ் என்று பெண்ணிடம் கேட்டேன். போன சித்திரையில் புளியமரத்தடியில் கட்டியிருந்த பசு, இடி விழுந்து செத்துவிட்டது. திண்ணையோரம் நின்ற பாட்டிக்கு ஒன்றுமில்லை. நோட்டைத் திறந்து காட்டினாள். மரத்தில் இறங்கிய மின்சாரம் தரையில் பரவுகிறது. தள்ளிப் போகப் போக வோல்டேஜ் குறைகிறது. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் நாலைந்து அடி இடைவெளி. அந்த இரண்டு இடத்து வித்தியாசம் நெஞ்சு வழியாகப் பாய்கிறது. காலை ஒட்டி வைத்து நிற்கும் ஆளுக்கு அது குறைவு. பென்சில் படம்தான்; மாட்டுக்குக் கொம்புகூட வரைந்திருந்தாள்.

"இந்தப் பிள்ளையையா கோடிங் படிக்கத் தள்றீங்க?" என்றேன் மாமாவிடம்.

நான் சொன்ன வழி இதுதான்: வேலூர் முத்துரங்கம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். அந்த மூன்று வருடத்திலேயே எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வுக்குத் தயாரானால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. அப்புறம் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய்.

மின்னல் ஆராய்ச்சிக்கெல்லாம் இடம் எங்கே என்றார் மாமா. ஊட்டியிலேயே இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில், 2014 டிசம்பர் 1 அன்று மலைக்கு மேல் வந்த இடிமேகத்தை அளந்தார்கள். வானிலிருந்து ஓயாமல் விழும் மியூயான் என்ற நுண்துகள்களின் எண்ணிக்கை மேகத்தால் மாறியதை வைத்து, உள்ளே 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டார்கள். புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நாடு முழுக்க மின்னல் உணர்விகளை வைத்திருக்கிறது. மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலி அவர்களுடையதுதான்.

வருமானம் தாமதமாகும், மறைக்கவில்லை. ஜாம் தவறினால் உள்ளூரிலேயே எம்.எஸ்சி., பி.எட். இருக்கிறது. கடன் மட்டும் இருக்காது.

"அட்வான்ஸ் கொடுத்தாச்சா?"

"இல்ல சார், திங்கட்கிழமை."

"கொடுக்காதீங்க."