படுத்த படுக்கையில் தசை ஏன் கரைகிறது, எப்படித் தடுப்பது?

அசையாமல் கிடக்கும்போது தசையின் அளவும் பலமும் குறைவதுதான் தசை இழப்பு. தசையில் பழைய புரதம் சிதைவதும் புதியது உருவாவதும் தினமும் நடக்கும். படுத்துவிட்டால் உருவாவது குறையும், சிதைவது நிற்காது. கோடையில் தருமபுரிப் பக்கத்துக் கிணறு போலத்தான்: இறைப்பு அப்படியே இருக்க, ஊற்று மெலிந்துவிடும். வயதானவர்களுக்கு ஊற்றே குறைவு. ஆரோக்கியமான முதியவர்கள்கூட 10 நாள் படுக்கையில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்திருக்கிறார்கள். இளைஞர்களுக்கு இவ்வளவு வேகமில்லை.

மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசைக்கலாம், தொடையை இறுக்கித் தளர்த்தலாம், கட்டிலோரம் உட்காரலாம். வெறும் களியும் கஞ்சியும் போதாது. வேளைக்கு வேளை முட்டை, பருப்பு, தயிர் என ஏதாவது கூடவே வேண்டும். அதேசமயம், அசைவே இல்லாமல் சத்தை மட்டும் கூட்டினால் தசை நிற்கும் என்று பலர் நம்புவது சரியல்ல.