டிக்கெட் எடுத்துவிட்டுத் திட்டுங்கள்

கேள்வி: எங்கட பெடியள் எடுத்த ஒரு முழுநீளப் படத்தைக் கிளிநொச்சியில் மண்டபம் ஒன்றில் போட்டார்கள். போவோம் என்றுதான் இருந்தேன். யூடியூப்பில் ஒருவர் ஐந்துக்கு ஒன்றரைப் புள்ளி கொடுத்து, 'நேரத்தை வீணாக்காதீர்கள்' என்றார். விட்டுவிட்டேன். அந்தக் கிழமையே வவுனியாவுக்குப் போய் ஒரு பெரிய நடிகரின் படத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். எங்கட ஆக்கள் எடுத்தது என்பதற்காக நல்லா இல்லாத படத்துக்கும் காசு கொடுக்க வேண்டுமா?
— வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: அது நல்லா இல்லாத படம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பார்க்கவில்லையே.

வவுனியாவில் பார்த்த படத்துக்கு விமர்சனம் பார்த்துவிட்டா போனீர்கள்? பெரிய நடிகரின் படத்தை எத்தனை பேர் கழுவி ஊற்றினாலும் முதல் நாள் கூட்டம் குறைவதில்லை. 'அவர் சொன்னால் சொல்லட்டும், நாங்கள் ஒருக்கால் பார்ப்போம்' என்று போகிறோம். அதே விமர்சகரின் ஒரு வரி, எங்கள் பெடியளின் படத்துக்கு மட்டும் கதவை அடைத்துவிடுகிறது. உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது இதுதான்.

மசாலாப் படம் பார்ப்பதை நான் குற்றம் சொல்லவில்லை. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, முற்றத்தில் விடிய விடியப் படம் பார்த்த சனம் நாங்கள். அந்தப் படங்கள் ஏன் ஒரே அச்சில் வருகின்றன என்பதும் விளங்கக்கூடியதுதான். நாயகனின் சம்பளமே செலவில் பெரும்பங்கு. அவ்வளவு காசைப் போட்டவர் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கப் பயப்படுவார். போன முறை ஓடிய அறிமுகப் பாட்டு, இடைவேளைச் சண்டை, தங்கைக்கு வரும் ஆபத்து எல்லாம் திரும்பவும் வரும். தொலைக்காட்சி உரிமை, இணைய உரிமை, பாட்டு உரிமை, வெளிநாட்டு உரிமை என்று அதற்குப் பல வழியால் காசு வரும். நீங்கள் வவுனியாவுக்குப் போகாமல் இருந்திருந்தாலும் அந்தத் தயாரிப்பாளருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கிளிநொச்சி மண்டபத்தில் கணக்கு வேறு. மண்டப வாடகை, புரொஜெக்டர் வாடகை, ஒலிபெருக்கிக்காரரின் கூலி எல்லாம் வாசலில் விற்கும் டிக்கெட்டில் இருந்துதான் வர வேண்டும். விநியோகஸ்தர் என்று ஒருவர் இல்லை. தியேட்டர்காரர் ஒரு காட்சி கொடுத்தாலும், முதல் இரண்டு நாளில் ஆள் வராவிட்டால் படத்தைத் தூக்கிவிடுவார். 'நல்லா இருக்கு என்று நாலு பேர் சொன்னால் போவோம்' என்று நீங்கள் காத்திருக்கும்போதே படம் போய்விடும்.

இது இன்றைக்குத் தொடங்கியதும் இல்லை. 1977 இல் 'பொன்மணி' வந்தது. தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் வந்து எடுத்த தமிழ்ப் படம். எழுதியவர் காவலூர் ராசதுரை. சீதனமும் சாதியும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை எப்படி நசுக்குகின்றன என்பதை எங்கள் வீடுகளுக்குள்ளேயே வைத்துச் சொன்னது. தமிழகப் படத்தில் ஊறிய கண்களுக்கு அது மெதுவாகத் தெரிந்திருக்கும். ஓடவில்லை. இன்று இலங்கைத் தமிழ் சினிமா பற்றி யார் எழுதினாலும் அந்தப் படத்தைத் தொடாமல் போக முடியாது. பத்திராஜ 2018 இல் காலமானபோது நிறையப் பேர் அதைப் பற்றி எழுதினார்கள். எழுதியதெல்லாம் சரி. 1977 இல் அந்தச் சனம் தியேட்டருக்குப் போயிருந்தால் அப்படி இன்னும் நாலு தமிழ்ப் படம் வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். பிறகு பார்க்கலாம் என்று விடவும் எங்களுக்கு வசதி இருக்கவில்லை. 1983 ஆடிக் கலவரத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தலையில் இருந்த விஜயா என்ற சினிமா ஸ்டூடியோ எரிந்தது. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றின் பிரதியை இப்போது தேடினாலும் கிடைக்காது.

அண்மைக்கு வருவோம். எங்கள் இயக்குநர் மதிசுதா 'வெந்து தணிந்தது காடு' படத்தைக் கைபேசியிலேயே எடுத்தார், பலரிடமும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில். போரின் கடைசி நாட்களில் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள் கிடந்த ஒரு குடும்பத்தின் கதை. அதே பெயரில் சென்னையில் இருந்தும் ஒரு பெரிய படம் வந்தது. பெயரைச் சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கே எது முதலில் நினைவுக்கு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

விமர்சகர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒலி சரியில்லை என்றால் சரியில்லைதான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒலிக்கும் வெளிச்சத்துக்கும் புள்ளி குறைப்பவர், இந்தப் படம் வேறு யாரும் சொல்லாத எதையாவது சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டாமா? நுண்கடன்காரன் வாசலில் வந்து நிற்கும் வீடு, இரவில் யானைக்குக் காவல் இருக்கும் வயல், படையினரிடம் இருந்து விடுபடாத காணி, வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருக்கும் பெடியன்: இவற்றைச் சென்னையில் இருந்து வந்து ஒருவர் எடுக்கப் போவதில்லை. சென்னைப் படங்களில் நாங்கள் வந்தால் அகதியாக வருவோம், இல்லாவிட்டால் எங்கள் பேச்சை யாராவது பிழையாகப் பேசிக் காட்டுவார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த மண்ணில் எடுத்தது என்பதற்காக மட்டும் ஒரு படத்துக்கு ஆதரவு கேட்க மாட்டேன். எங்கள் பெடியள் சிலரும் மெதுவாக நடந்து வரும் நாயகனையும் அடியாள் கூட்டத்தையும் அப்படியே கொண்டுவந்து பரந்தன் சந்தியில் நிற்க வைக்கிறார்கள். அந்தப் படத்துக்குப் போகாமல் விட்டால் நான் கோபிக்க மாட்டேன். தமிழகத்தில் இருந்து 2022 இல் வந்த 'கடைசி விவசாயி'யில் நடித்த நல்லாண்டி ஐயா ஓர் உண்மையான விவசாயி, படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். நெல் விதைத்துச் சீவிக்கும் எங்கள் மாவட்டங்களுக்கு அது எத்தனையோ உள்ளூர் நகல்களைவிட நெருக்கமான படம். விமர்சகர்கள் அதைக் கொண்டாடினார்கள், தேசிய விருதும் கிடைத்தது. உங்கள் பக்கத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள்?

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஆம், காசு கொடுங்கள். 'பாவம் பெடியள்' என்று கொடுக்காதீர்கள், அந்த இரக்கம் எந்தக் கலைஞனுக்கும் நல்லதில்லை. புதிதாக ஒன்றைச் சொல்ல முயன்றவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கான விலையாகக் கொடுங்கள். பார்த்த பிறகு பிடிக்கவில்லை என்றால் வாசலிலேயே இயக்குநரைப் பிடித்துச் சொல்லுங்கள். பெரிய நடிகரிடம் உங்களால் அது முடியாது, இவரிடம் முடியும்.

மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சி தூரம் என்றால், உங்கள் சனசமூக நிலையத்தில் கதிரை இருக்கும், வெள்ளைச் சுவரும் இருக்கும். படக்குழுவைக் கூப்பிட்டு ஒரு காட்சி போடச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு டிக்கெட், இலவசம் வேண்டாம். பார்த்துவிட்டு நீங்களே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். திட்டியிருந்தாலும் ஒரு சொல் வெட்டாமல் போடுகிறோம்.