பரணிலிருந்து இறங்கிய கேசட்கள்

கேள்வி: எனக்கு 48 வயது. கல்லூரி நாட்களில் கோவைக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிய ஆல்டர்நேட்டிவ் ராக் கேசட்கள் நாற்பது இருக்கின்றன. போன மாதம் பரணிலிருந்து இறக்கி, நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' போட்டேன். அன்று சிலிர்க்க வைத்தது இன்று வெறும் இரைச்சலாகக் கேட்கிறது. சில கேசட்டுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. 'தூக்கிப் போடுங்கள்' என்கிறாள் மனைவி. என்ன செய்ய?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் அந்த வெள்ளையைப் பார்ப்போம். அது பூஞ்சை. பூத்த கேசட்டை ஓட்டாதீர்கள். பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் தாவும். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஹெட்டைத் துடையுங்கள். வெயிலில் காய வைக்கச் சொல்வார்கள். அது வத்தல் இல்லை, பிளாஸ்டிக் கூடு வளைந்துவிடும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்கள் ஊருக்கு வரும் வறண்ட காற்று போதும், நிழலில் பரப்பி வையுங்கள். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். 'நெவர்மைண்ட்' 1991இல் வந்தது. பத்தொன்பது வயதுக் கோபத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. இப்போது போட்டால் இறுக்குகிறதே என்று வருந்தாதீர்கள், உங்கள்மேல் தப்பில்லை. பெட்டியில் ஆர்.இ.எம். குழுவின் 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' (1992) இருக்கிறதா? அன்று ஒன்றிரண்டு பாட்டுக்காகப் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி மற்றதையெல்லாம் தாண்டியிருப்பீர்கள். செய்தவர்கள் நால்வரும் முப்பதைத் தாண்டியவர்கள். வயதாவதும் சாவும் இழப்பும் அதில் நிறைய. சில பாட்டுகளுக்கு வயலின் வகையறாவை அமைத்துக் கொடுத்தவர் லெட் செப்பலின் ராக் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். அதன் இரண்டு பக்கங்களுக்கு 'டிரைவ்', 'ரைடு' என்று பெயர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் 'ரைடு' பக்கத்தை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். கடைசி மூன்று பாட்டு வரும்போது போனை எடுக்காதீர்கள்.

ரேடியோஹெட் குழுவின் 'ஓகே கம்ப்யூட்டர்' (1997) எனக்கு முதலில் ஏறவேயில்லை. தம்பிக்குக் கொடுத்துவிட்டு, பத்து வருடம் கழித்துத் திருப்பிக் கேட்டு வாங்கினேன். இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.

அப்புறம், வீட்டம்மா சொல்வதில் பாதி நியாயம். கடையில் வாங்கியது பூத்துப் போயிருந்தால் கொடுத்துவிடுங்கள், பாட்டு போனிலேயே கிடைக்கும். நண்பர் யாராவது 90 நிமிட கேசட்டில் பதிந்து, பாட்டுப் பெயர்களைப் பேனாவில் எழுதிக் கொடுத்திருந்தால் அதை மட்டும் வீட்டம்மா கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.