கெமிக்கல் இன்ஜினியரிங்கில் எம்.டெக் படிப்பது பயன் தருமா?

பி.டெக் கெமிக்கல் முடித்துவிட்டு, எம்.டெக் சேர்வதா, வேலைக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். பிளான்ட் ஆபரேஷன், அதாவது ஆலையை இயக்கும் வேலைதான் ஆசை என்றால் எம்.டெக் அவசியமில்லை, அங்கே ஷிப்ட் அனுபவத்துக்குத்தான் மதிப்பு. பிராசஸ் டிசைன், சிமுலேஷன், ஆராய்ச்சி என்று போக நினைத்தால் தாராளமாகச் சேரலாம்.

சரி, வழி? எம்.டெக் சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் (GATE) தேர்வு. 100 மதிப்பெண்ணில் 15 பொதுத் திறனறிவு. மீதியில் கணிதத்தோடு வெப்பப் பரிமாற்றம், வினைப் பொறியியல் எல்லாம் வரும். ஸ்கோர் 3 ஆண்டுகள் செல்லும். ஐ.ஐ.டி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து, அவை தரும் இடங்களைப் பார்த்து ஏற்பதற்கான பொதுத் தளமான கோவாப்பிலும் (COAP) பதிய வேண்டும், என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. (CCMT) என்ற பொதுக் கலந்தாய்வு. இதில் ஒன்றை மறந்து இடத்தைக் கோட்டை விடுபவர்கள் உண்டு.

கேட் வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. மெஸ் கட்டணத்துக்குத் தாங்கும், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. அப்புறம், சேருமுன் அங்குள்ள பேராசிரியர்கள் எதில் ஆய்வு செய்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் புராஜெக்ட்டிலேயே போய்விடும்.